மலையைக் குடைந்தபோது கண்ட கனிப்பொருள்கள்

மலை என்பது வெளித்தோற்றத்தில் மரமும் புதரும் மூடிய ஒரு பெரும் மேடு. அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை மேலிருந்து பார்த்து அறிய முடியாது. மழையும் வெயிலும் பட்டுப் பாறையின் மேற்பகுதி மண்ணாகிவிடுகிறது. அந்த மண்ணில்தான் நமது பால்மரங்கள் வேர்விட்டு நிற்கின்றன. ஆகவே மலையின் உள்ளுறுப்புகளை மனிதன் நேருக்கு நேர் காண வேண்டுமானால், மலையைக் குடைந்துதான் ஆகவேண்டும். நீரைக் கொண்டு செல்லவும், இரயிலை ஓட்டவும், உலோகத்தைத் தேடவும் மனிதன் மலைகளைக் குடைந்திருக்கிறான். அவ்வாறு குடைந்தபோது அவன் தேடியதும் கிடைத்தது, தேடாததும் கிடைத்தது. கிடைத்தவற்றுள் சில அவனை வாழவைத்தன. சில அவன் உயிரையே வாங்கின. இவ்விரண்டையும் பற்றி இந்தப் பாடத்தில் அறிந்துகொள்வோம்.

கனிப்பொருள், பாறை, தாது

முதலில் மூன்று சொற்களுக்குப் பொருள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இயற்கையில் தானாக உண்டாகி, எங்கு எடுத்தாலும் ஏறத்தாழ ஒரே வகையான சேர்க்கையும் அமைப்பும் கொண்ட திடப்பொருளே கனிப்பொருள். படிகக்கல் எனப்படும் குவார்ட்ஸ், காக்காய்ப்பொன் என்று நம் பாட்டிமார் அழைத்த அபிரகம், சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சைட்டு ஆகியவை கனிப்பொருள்கள்.

ஒன்றோ பலவோ கனிப்பொருள்கள் சேர்ந்து இறுகியது பாறை. அம்மியும் ஆட்டுக்கல்லும் செய்யப்படும் கருங்கல்லை உற்றுப் பாருங்கள். அதில் கண்ணாடிபோல் தெரிவது குவார்ட்ஸ். வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரிவது ஃபெல்ஸ்பார். கறுத்து மின்னுவது அபிரகம். மூன்று கனிப்பொருள்கள் கூடி ஒரே கல்லாகியிருக்கின்றன.

எந்தக் கல்லிலிருந்து உலோகத்தை இலாபகரமாகப் பிரித்தெடுக்க இயலுமோ அக்கல் தாது எனப்படும். எனவே, உலோகம் சிறிதளவு இருந்துவிட்டால் மட்டும் ஒரு கல் தாது ஆகிவிடாது. நம் தோட்டத்துச் செம்மண்ணின் சிவப்பு நிறத்துக்குக் காரணம் இரும்புதான். ஆனாலும் அதனை யாரும் உலையில் போட்டு உருக்குவதில்லை.

கெடாவின் நீர்ச் சுரங்கப்பாதை

மலையைக் குடைந்த வேலைக்கு நாம் தொலைநாடுகளுக்குப் போக வேண்டியதில்லை. கெடாவின் வடகிழக்கு மலைப்பகுதியில் மூடா அணையும் பெடு அணையும் இருக்கின்றன. மூடா அணைக்கு மழைநீர் வந்து சேரும் நிலப்பரப்பு 984 சதுர கிலோமீட்டர். ஆனால் அங்கு நீர் தேங்கும் ஏரியோ 26 சதுர கிலோமீட்டர்தான். பெடு அணையின் நிலை இதற்கு நேர்மாறு. அதற்கு நீர் தரும் நிலம் 171 சதுர கிலோமீட்டர் மட்டுமே; ஏரியின் பரப்போ 64 சதுர கிலோமீட்டர். அதாவது, ஓரிடத்தில் நீர் மிகுதி, பாத்திரம் சிறிது. மற்றோரிடத்தில் பாத்திரம் பெரிது, நீர் குறைவு.

இக்குறையைத் தீர்ப்பதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி என்ன? இரண்டுக்கும் இடையே ஆறரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் மலையைக் குடைந்து, மூடாவின் நீரைப் பெடுவுக்குத் திருப்பிவிட்டார்கள். அதுவே சாயோங் சுரங்கப்பாதை. 1965ஆம் ஆண்டில் உலக வங்கியின் கடன் கிடைத்து, 1966இல் தொடங்கிய மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் ஒரு பகுதியாக அது அமைந்தது. அதுவரை வானத்தை நம்பி ஆண்டுக்கு ஒருபோகம் மட்டுமே விளைந்த கெடா, பெர்லிஸ் சமவெளி வயல்கள், அத்திட்டத்திற்குப் பின் இருபோகம் விளையத் தொடங்கின. நம் வீட்டு உலையில் கொதிக்கும் அரிசிக்கும் மலைக்குள் செல்லும் அந்த இருண்ட வழிக்கும் தொடர்பு உண்டு என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது அல்லவா?

பெடு, பாடாங் தெராப், பொக்கோக் செனா வட்டாரங்களின் குன்றுகளில் மணற்கல், களிப்பாறை, சிக்கிமுக்கி இனத்தைச் சேர்ந்த செர்ட்டு ஆகியவை அடுக்கடுக்காகக் காணப்படுகின்றன. இவற்றுள் செர்ட்டு விந்தையானது. கடலில் மிதந்து வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் தம் உடலைச் சுற்றிச் சிலிக்காவாலான கூடு கட்டிக்கொள்ளும். அவை மடிந்தபின் அக்கூடுகள் கடலடியில் படிந்து, பன்னெடுங்காலம் அழுத்தப்பட்டுக் கல்லாயின. அவற்றின் வயது இருபது கோடி ஆண்டுகளுக்கும் மேல். கடற்கரையிலிருந்து தொலைவில் உள்ள அக்குன்றுகள் முன்னொரு காலத்தில் கடலின் அடித்தளமாக இருந்தன என்பதற்கு அக்கற்களே சாட்சி.

ஜெராய் மலையின் செல்வம்

சுங்கைப்பட்டாணி, பீடோங், குரூண், செமிலிங் ஆகிய ஊர்களில் வாழ்பவர்கள் நாள்தோறும் காண்பது ஜெராய் மலை. உயரம் 1,217 மீட்டர். அதன் உச்சியில் இருப்பது குவார்ட்சைட்டு என்னும் மிகக் கடினமான பாறை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் கடற்கரை மணலாகப் படிந்தது, பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகி அவ்வாறு ஆயிற்று. சுற்றியிருந்த மென்மையான பாறைகள் தேய்ந்துபோக, தேயாத இந்தக் கல்தான் மலையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது.

பிற்காலத்தில் பூமியின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பு மேலெழுந்து, அப்பழம் பாறைக்குள் புகுந்து, மெல்ல ஆறிக் கருங்கல்லாயிற்று. குழம்பின் கடைசிப் பகுதி வெடிப்புகளில் நுழைந்து பெருமணிப் பாறையாக உறைந்தது. அதற்குப் பெக்மடைட்டு என்று பெயர். ஜெராயைச் சார்ந்த பெக்மடைட்டுகளில் கறுத்த தூர்மலின், சிவந்த கார்னெட்டு, பெரில், வெள்ளீயத் தாதுவாகிய காசிட்டரைட்டு, கொலம்பைட்டு ஆகியன உள்ளன. கொலம்பைட்டுடன் கலந்து வரும் டாண்டலம் என்னும் உலோகம் இன்று கைத்தொலைபேசிக்குள் இருக்கும் நுண்ணிய மின்பொருள்களுக்குப் பயன்படுகிறது. மலையின் உள்ளிருந்த இப்பொருள்களை ஆறுகளே அரித்துக் கீழே கொண்டுவந்து சேர்த்தன. செமிலிங் பகுதியில் ஆற்றுப்படிவு மண்ணை அலசி ஈயமும் கொலம்பைட்டும் எடுக்கப்பட்டன.

ஜெராயைச் சுற்றி இரும்புத் தாதுவும் உண்டு. மலையின் தென்புறத்தில், சுங்கை பத்து என்னுமிடத்தில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்பொருள் ஆய்வாளர்கள் பழங்கால இரும்பு உலைகளையும், உலைக்குள் காற்றை ஊதச் செய்த களிமண் குழாய்களையும், குவியல் குவியலாகக் கசடுகளையும் கண்டெடுத்திருக்கிறார்கள். தமிழ் மன்னர்களின் கல்வெட்டுகள் கடாரம் என்று குறித்த நாடு இதுவே. இந்நாட்டின் பெருமைக்கு வணிகம் மட்டுமன்றி, மண்ணுக்குள் இருந்த இரும்பும் ஒரு காரணமாயிற்று.

ஈயத்தைத் தொடர்ந்து சென்ற வழிகள்

நம் நாட்டில் ஈய லம்பம் என்றால் பெரும்பாலும் திறந்த பள்ளமும் மண்ணை அலசும் பலகை வாய்க்காலுமே நினைவுக்கு வரும். ஆனால் மலைக்குள் நுழைந்து ஈயம் எடுத்த இடங்களும் உண்டு.

கெடாவை அடுத்த பெர்லிசில், காக்கி புக்கிட் என்னும் ஊரில், சுண்ணாம்புக்கல் குன்று ஒன்றின் அடியில் ஒரு குகைவழி ஊடுருவிச் செல்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 370 மீட்டர். பெயர் குவா கெலாம், அதாவது இருட்டுக் குகை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்ததால் உண்டான அவ்வழியில் ஓர் ஆறும் ஓடுகிறது. அங்குள்ள குகைகளில் ஆறு கொண்டுவந்து சேர்த்த ஈயமண்ணைச் சுரங்கத் தொழிலாளர் தோண்டி எடுத்தனர்.

பகாங்கில் உள்ள சுங்கை லெம்பிங்கோ இதனினும் பெரியது. கடினப் பாறைக்குள் ஈயத் தாது நரம்புபோல் ஓடுவதைப் பின்பற்றி, 1906ஆம் ஆண்டு முதல் ஓர் ஆங்கிலேய நிறுவனம் அங்குச் சுரங்கம் வெட்டிற்று. வழிகளின் மொத்த நீளம் 322 கிலோமீட்டர். ஆழம் 700 மீட்டர் வரை சென்றது. ஈய விலை வீழ்ச்சியுற்றதும் 1986இல் அது மூடப்பட்டது.

தாதுவைத் தேடாமல், நீருக்காகவே குடையப்பட்டது பகாங்–சிலாங்கூர் சுரங்கப்பாதை. 44.6 கிலோமீட்டர் நீளமுடைய இது, தீத்திவங்சா மலைத்தொடரின் கருங்கல்லை ஊடுருவி 2014இல் முடிக்கப்பட்டது. சில இடங்களில் தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கனமுள்ள மலை இருந்தது. உள்ளே பாறையும் சூடாக இருந்தது. வெந்நீர் ஊற்றுகளும் பீறிட்டன. பூமிக்குள் ஆழம் செல்லச் செல்ல வெப்பம் கூடும் என்னும் பாடத்தை அங்கு வேலை செய்தவர்கள் தம் உடலாலேயே உணர்ந்தார்கள்.

ஆல்ப்ஸ் மலையின் படிகங்களும் ஒரு புழுவும்

ஐரோப்பாவில், சுவிட்சர்லாந்து நாட்டின் ஆல்ப்ஸ் மலைகளில், பாறை வெடிப்புகளுக்குள் வெந்நீர் தேங்கி, அதில் கரைந்திருந்த சிலிக்கா மெல்ல மெல்லப் படிகமாக வளர்ந்திருக்கிறது. கோத்தார்டு மலையைக் குடைந்து 1872 முதல் 1882 வரை 15 கிலோமீட்டர் இரயில் சுரங்கப்பாதை அமைத்தபோதும், நம் காலத்தில் 57 கிலோமீட்டர் நீளத்தில் அமைத்து 2016இல் திறந்த புதிய பாதையிலும் அத்தகைய படிகப் பொந்துகள் தென்பட்டன. புதிய பாதையை வெட்டியபோது கிடைத்த படிகங்கள் சிதறிப் போகாதவாறு கவனிக்கவும், அவற்றைப் பாதுகாத்து வைக்கவும் தனியாக ஆட்கள் நியமிக்கப்பட்டனர். 1906இல் திறக்கப்பட்ட சிம்ப்ளான் சுரங்கப்பாதையில் அன்ஹைடிரைட்டு என்னும் கனிப்பொருள் ஊதா நிறப் படிகங்களாகக் கிடைத்தது.

அன்ஹைடிரைட்டு அழகியது, ஆயினும் பொறியாளருக்கு அது தொல்லை தருவது. நீர் பட்டால் ஜிப்சமாக மாறி ஊதிப் பெருக்கும். பாதையின் தளத்தையே அது மேலே தூக்கிவிடக் கூடும். ஒரு கனிப்பொருளின் இயல்பை அறியாமல் மலைக்குள் கை வைக்கலாகாது என்பதற்கு இது சான்று.

முதற் கோத்தார்டு பாதையை வெட்டியவர்களை வேறொரு துன்பமும் பிடித்தது. உள்ளே வெப்பமும் ஈரமும் மிகுதி. கழிப்பிட வசதியோ இல்லை. தொழிலாளர்கள் வெளிறிப்போய், மூச்சிரைத்து, வலுவிழந்து விழுந்தார்கள். 1880இல் மருத்துவர்கள் ஆராய்ந்து, கொக்கிப்புழுவே அதற்குக் காரணம் என்று கண்டனர். அப்புழு நமக்குப் புதியதன்று. முற்காலத்தில் மலாயாத் தோட்டங்களில் நம் மூதாதையரின் இரத்தத்தை உறிஞ்சி, அவர்களைச் சோம்பேறிகள் என்று பிறர் ஏசும்படி செய்ததும் அதுவே. பனிமலை நாட்டுத் தொழிலாளனும் பால்மரத் தோட்டத்துத் தொழிலாளனும் ஒரே புழுவால் வாடினார்கள். தூய்மையான கழிப்பிடமும் காலணியும் இருவரையும் காப்பாற்றின.

கோலார் தங்கவயல்

தமிழரின் உழைப்போடு நெருங்கிய தொடர்புடையது கர்நாடக மாநிலத்துக் கோலார் தங்கவயல். 1880இல் ஆங்கிலேய நிறுவனம் ஒன்று அங்குப் பெரிய அளவில் சுரங்க வேலையைத் தொடங்கிற்று. வட ஆர்க்காடு, சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்களே அங்குப் பெருமளவில் பாடுபட்டனர். நம் முன்னோர் கப்பலேறி மலாயாவுக்கு வந்த அதே காலத்தில், அவர்களின் உறவினர் சிலர் இரயிலேறிக் கோலாருக்குச் சென்றிருப்பர்.

அங்குப் பொன் கட்டியாகக் கிடைக்கவில்லை. குவார்ட்ஸ் நரம்புகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத துகளாகக் கலந்திருந்தது. முடிவுக் காலத்தில், ஒரு டன் கல்லை உடைத்து அரைத்தால் சில கிராம் பொன்தான் தேறும். அதற்காக மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கினார்கள். மேலேயுள்ள பாறையின் பாரம் தாங்காமல் சுவர்கள் திடீரென வெடித்துச் சிதறுவதும் உண்டு. 2001ஆம் ஆண்டில் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன.

பாறை வெடிப்பில் இறந்தவர்களை ஊர் கண்டது. ஆனால் குவார்ட்ஸ் தூசியால் நுரையீரல் கெட்டு, ஆண்டுக்கணக்கில் இருமி இறந்தவர்களை எல்லாரும் காசநோயாளிகள் என்றே எண்ணினர். தூசியால் வரும் அந்நோய் இந்தியாவிலேயே முதன்முதலாக 1934இல் கோலாரில்தான் கண்டறியப்பட்டது. அதன் பெயர் சிலிக்கோசிஸ்.

ஹாக்ஸ் நெஸ்ட் தந்த படிப்பினை

இந்நோயின் கொடுமையை உலகுக்கு உணர்த்திய இடம் அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஹாக்ஸ் நெஸ்ட். மின்சாரம் எடுப்பதற்காக ஓர் ஆற்றைத் திருப்ப, 1930இல் அங்கு மலையைக் குடையத் தொடங்கினர். பாதையின் நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். குடைந்தபோது வெளிப்பட்ட மணற்கல், மிகத் தூய சிலிக்காவாக இருந்தது. அருகிலிருந்த உலோக ஆலைக்கு அது தேவைப்பட்டதால், பாதையை அகலப்படுத்தி மேலும் கல்லை எடுத்தார்கள். மலைக்குள் எதிர்பாராமல் கிடைத்த செல்வம் என்று அதைச் சொல்லலாம்.

ஆனால் அக்கல்லைத் துளையிட்டவர்களின் கதி என்ன? நீர் தெளித்துத் துளையிட்டால் தூசி அடங்கும். வேலை மெதுவாக நடக்கும். ஆகவே உலர்ந்தவாறே துளையிட்டனர். காற்றோட்டம் போதவில்லை, முகமூடியும் தரப்படவில்லை. உள்ளே சென்றவர்கள் மாவு அரைக்கும் ஆலையிலிருந்து வருபவர்போல் வெண்தூசி பூசி வெளிவந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வேலை தேடி வேற்று மாநிலங்களிலிருந்து வந்த ஏழைக் கறுப்பின மக்கள். சில மாதங்களே வேலை செய்தவர்களும் ஓரிரு ஆண்டுகளில் மூச்சுத் திணறி மாண்டனர். இறந்தவர்கள் 476 பேர் என்று அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் கூறப்பட்டது. பின்னர் 1986இல் நூல் எழுதிய ஒரு மருத்துவர், அத்தொகை 764 ஆக இருக்கும் என்று கணக்கிட்டார்.

தூசி எவ்வாறு கொல்கிறது?

குவார்ட்ஸ் கல் கையிலிருக்கும்போது யாருக்கும் தீங்கு செய்யாது. ஆற்று மணலே பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். துளையிடும்போதும், உடைக்கும்போதும், அறுக்கும்போதும் உண்டாகும் மிக நுண்ணிய தூள்தான் ஆபத்தானது. தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகள், மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை சென்றுவிடும். உடல் அதனைக் கரைக்க முயன்று தோற்கும். துகளைச் சுற்றித் தழும்பு உண்டாகும். மென்மையாக விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல், தழும்பு பெருகப் பெருக இறுகிவிடும். காசநோய் அதில் எளிதாகப் பற்றிக்கொள்ளும். வந்த தழும்பை மாற்ற மருந்து கிடையாது. வராமல் தடுப்பது ஒன்றே வழி.

இது நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பால்மரத் தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கும் வீட்டு மனைகளுக்கும் இடமாகிவிட்டன. தோட்டத்து இளைஞர்கள் கல்லுடைக்கும் ஆலைகளுக்கும், சாலை, இரயில் பாதை, கட்டட வேலைகளுக்கும் செல்கின்றனர். அங்கே துளையிடும் இயந்திரம் அவர்கள் கையில் இருக்கும். ஆதலால் அவர்கள் கீழ்க்கண்டவற்றை மறத்தல் ஆகாது.

நீர் தெளித்தே துளையிட வேண்டும், அறுக்க வேண்டும். தூசிக்கென்று செய்யப்பட்ட முகமூடியை முகத்தோடு பொருந்தும்படி அணிய வேண்டும். கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது. தூசி படிந்த உடையோடு வீடு திரும்பிக் குழந்தைகளைத் தூக்கக்கூடாது. இருமலும் மூச்சிரைப்பும் தொடர்ந்தால், தாம் செய்யும் வேலையை மருத்துவரிடம் சொல்லி மார்புப் படம் எடுக்கச் செய்ய வேண்டும். சிலிக்கோசிஸ் தொழில்சார் நோய் என்று நம் நாட்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனவே, தம் பெயரில் பெர்க்கேசோ சந்தா முறையாகச் செலுத்தப்படுகிறதா என்பதை ஒவ்வொருவரும் கேட்டறிவது கடமையாகும்.

கையில் கிடைத்த கல்லை அறிவது எப்படி?

வாய்க்கால் வெட்டும்போதோ ஆற்றோரத்திலோ மின்னும் கல் கிடைத்தால் சிலர் பொன்னென்று மகிழ்வர். மின்னுவதெல்லாம் பொன்னல்ல. எளிய சோதனைகள் சில உள்ளன.

மெருகில்லாத ஓட்டின் பின்புறத்தில் கல்லைத் தேய்த்துப் பாருங்கள். பொன் மஞ்சள் கோடு போடும். பொன்போல் ஏய்க்கும் பைரைட்டு, பச்சை கலந்த கறுப்புக் கோடு போடும். இரும்புத் தாதுவாகிய ஹேமடைட்டு செந்நிறக் கோடு போடும். ஈயத் தாது கறுப்பாக இருந்தாலும் அதன் கோடு வெளிறியே இருக்கும்; ஆனால் கையில் எடுத்தால், அதே அளவுள்ள சாதாரணக் கல்லைவிட இரண்டரை மடங்கு கனக்கும். குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும். கால்சைட்டைக் கத்தியே கீறிவிடும். சுண்ணாம்புக்கல்லின் மீது காடி ஊற்றினால் நுரைக்கும். பாலை உறையவைக்கும் அமிலத்திலும் அது நுரைக்கும். ஆயினும் அவ்வமிலம் தோலைப் புண்ணாக்குவதாகையால், அதனை விளையாட்டாகக் கையாளலாகாது.

கல்லைச் சோதிக்கலாம், ஆனால் அனுமதியின்றித் தோண்டலாகாது. நிலத்துக்கடியில் உள்ள கனிப்பொருள் நிலம் வைத்திருப்பவருக்கோ கண்டெடுத்தவருக்கோ உரியதன்று. மாநில அரசுக்கு உரியது. ஐயம் இருந்தால் கனிம, புவி அறிவியல் துறையின் மாநில அலுவலகத்தில் காட்டிக் கேட்கலாம். கைவிடப்பட்ட ஈயப் பள்ளங்களிலும் பழைய சுரங்க வழிகளிலும் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். பள்ளத்தின் கரை சரியும், அடியாழம் தெரியாது. மூடிய வழிக்குள் மூச்சுவிடத் தகுந்த காற்று இல்லாமலும் போகலாம்.

மலை தன்னிடம் இருப்பதை மறைத்து வைக்கவில்லை, கேட்பவனுக்குக் கொடுக்கிறது. நீரும், ஈயமும், பொன்னும், படிகமும் அவ்வாறே வந்தன. அவற்றை வெளியே கொண்டுவரும் தொழிலாளியின் மூச்சு அவை எல்லாவற்றையும்விட விலை உயர்ந்தது. இதை முதலாளியும் அறிய வேண்டும். அதற்கு முன்னர்த் தொழிலாளி அறிந்திருக்க வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. கனிப்பொருள், பாறை, தாது ஆகியவற்றுக்கு உள்ள வேறுபாடு யாது? உங்கள் வட்டாரத்திலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.

2. மூடா அணையின் நீரைப் பெடு அணைக்குத் திருப்ப வேண்டிய தேவை ஏன் ஏற்பட்டது?

3. பைரைட்டையும் பொன்னையும் எவ்வாறு பிரித்தறிவீர்கள்?

4. ஹாக்ஸ் நெஸ்டில் நீர் தெளித்துத் துளையிட்டிருந்தால் என்ன மாறியிருக்கும்?

5. உங்கள் குடும்பத்தில் கல்லுடைக்கும் இடத்திலோ கட்டட வேலையிலோ இருப்பவர் யார்? அவர் எத்தகைய முகமூடி அணிகிறார் என்று கேட்டு, வகுப்பில் கூறுக.